பிறர் பெயரில் வரும் ஆசீர்வாதம்

கடவுளுக்குக் கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம் வரும் என்பது தமிழ்க் கிறிஸ்தவ மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் பேச்சு. கீழ்ப்படிதல் செலுத்துகிற தொகை, ஆசீர்வாதம் கைக்கு வருகிற பொருள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே அப்படித்தான் புரிந்துகொள்ளப்படுகிறது. செலுத்தியவர் எவரோ அவரே பெற்றுக்கொள்வார் என்பதும் அந்தப் புரிதலில் அடக்கம்.

1934இல் சிமெண்ட் ஆலை வந்த பிறகு பல ஊர்க்காரர்கள் பிழைப்புக்காகக் குடியேறிய இடம் மதுக்கரை. அங்கும், ரயில்வே ஊரான போத்தனூரிலும், எட்டிமடை, க.க.சாவடி என்று வாளையாறு வரை நீளும் சாலையோரச் சபைகளிலும், டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனைக்கு மற்ற நாட்களில் கோயில் பக்கம் தலைகாட்டாதவர்களும் வந்துவிடுவார்கள். பன்னிரண்டு மணி தாண்டியதும் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று. பையன்கள் இரண்டு எடுக்கப் பார்ப்பார்கள். பூப்படமோ அருவிப்படமோ போட்டு ஒரு வசனம், பின்பக்கம் புது வருடக் காலண்டர். வந்தது நல்ல வசனமா என்று அங்கேயே பக்கத்திலிருப்பவரிடம் காட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் கெட்ட வசனம் வருவதற்கு வழியே கிடையாது. அட்டை அச்சிடுபவர்கள் அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அது பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகப்பட்டு ஒரு வருடம் இருக்கும்.

அந்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் அதிகாரங்களில் ஒன்று உபாகமம் 28. தலை, வால் என்று வருகிற வசனமும், கடன் வாங்காமல் கடன் கொடுப்பதைப் பற்றிய வசனமும் அங்கிருந்து வந்தவைதான். கீழ்ப்படிதலையும் ஆசீர்வாதத்தையும் வேதத்தில் இவ்வளவு நேராக இணைக்கும் இடங்கள் குறைவு. அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனங்கள். முதல் 14 வசனங்கள் கீழ்ப்படிந்தால் வரும் நன்மைகளைச் சொல்கின்றன: வயலும் ஊரும் செழிக்கும், கூடையும் மாவு பிசைகிற தொட்டியும் நிறையும், மழை பருவத்தில் பெய்யும். எஞ்சிய 54 வசனங்கள் சாபங்கள். கட்டிய வீட்டில் குடியிருக்க முடியாது, நட்ட திராட்சையின் பழத்தைத் தின்ன முடியாது, கடைசியில் எகிப்துக்குக் கப்பலேறிப் போய்த் தங்களையே அடிமைகளாக விற்க முன்வந்தாலும் வாங்க ஆள் இருக்காது. இந்தக் கடைசி வசனத்தை எந்தப் பிரசங்கியாரும் புத்தாண்டு வாக்குத்தத்தமாக எடுப்பதில்லை.

நன்மைக்கு நான்கு மடங்காகத் தீமையை அடுக்கும் இந்த வடிவம் அந்தக் காலத்து மேற்காசிய உடன்படிக்கைகளில் பரவலாக இருந்தது. அசீரியப் பேரரசன் ஏசர்ஹாதோன் கி.மு. 672இல் தன் கீழிருந்த சிற்றரசர்களை ஆணையிட வைத்த ஒப்பந்தத்திலும் இதே பாணியில் சாப அடுக்கு உண்டு. உபாகமத்தின் வரிசையோடு அதை ஒப்பிட்டு அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த அதிகாரம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது. அது ஒரு மக்களினத்தை நோக்கி, நாடு, மழை, போர், அரசன் என்று பேசுகிறது. கூடிச் செய்த உடன்படிக்கையின் பலனும் கூடி அனுபவிக்க வேண்டியது. அதைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு அட்டையாக்கும்போது, ஊருக்குச் சொன்ன மழை ஒரு வீட்டின் கூரைமேல் மட்டும் பெய்ய வேண்டியதாகிறது.

தனி மனிதனுக்கு இந்தச் சூத்திரம் பொருந்துமா என்று வேதமே ஒரு முழுப் புத்தகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறது. யோபுவின் நண்பர்கள் பேசியது அத்தனையும் உபாகமத்தின் தர்க்கம்தான்: துன்பம் வந்திருக்கிறது என்றால் எங்கோ கீழ்ப்படியாமை இருந்திருக்கும். முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்கள்மேல். யோபுவுக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்ததே என்று பிரசங்கங்களில் மறுமொழி சொல்லப்படும். ஆடும் ஒட்டகமும் இரட்டிப்பானது உண்மை. பிள்ளைகள் மட்டும் முன்பு போலவே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். செத்துப்போன பத்துப் பேர் திரும்பி வரவில்லை.

மதுக்கரை மலையில் தர்மலிங்கேசுவரரை வேண்டிக்கொண்டு, வேண்டியது நடந்த பிறகு படியேறி நேர்த்திக்கடன் செலுத்துபவர்களைப் பார்த்து, அது கடவுளோடு செய்யும் வியாபாரம் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் உண்டு. நேர்த்திக்கடனில் கடவுள் முதலில் தருகிறார், மனிதர் பிறகு செலுத்துகிறார். தசமபாகப் பிரசங்கங்கள் பலவற்றில் மனிதர் முதலில் செலுத்த வேண்டும், கடவுள் பிறகு தருவார். வியாபாரம் என்றே வைத்துக்கொண்டால், வாங்குபவருக்குச் சாதகமான ஏற்பாடு எது என்பது கொங்குச் சந்தையில் ஒருமுறை மாடு பிடித்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

இந்தச் சூத்திரத்தின் பெரிய குறை வேறொன்று. என்ன செய்தால் கீழ்ப்படிதல் என்பது எப்போதும் தெளிவாகத் தெரியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பவற்றில் குழப்பமில்லை. கட்டளையிடும் அதிகாரமும் மனசாட்சியும் வெவ்வேறு பக்கம் இழுக்கும் இடத்தில்தான் சிக்கல். கொங்கு நாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் இந்தச் சிக்கலில் முழுதாக மாட்டிக்கொண்டவர் ஒருவர் இருந்தார்: கோவையின் முதல் கத்தோலிக்க ஆயர், மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக்.

பிரான்சின் காஸ்தெல்நோதாரி ஊரில் 1813 டிசம்பர் 2ஆம் நாள் பிறந்தவர். பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்து 1842இல் புதுச்சேரி வந்தார். சேலம் பகுதியில் பணிசெய்தார். புதுச்சேரிக் குருமடத்தை நடத்தினார். 1846 அக்டோபர் 4ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலை பெற்றபோது வயது 32. புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்ட கோவைப் பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1850இல் அது தனி மறையாட்சி வட்டமானது. நீலகிரியும் பாலக்காடும் அதில் சேர்ந்திருந்தன. இன்று மதுக்கரை வழியாகக் கணவாயைக் கடந்து போகிற பாதை அன்று ஒரே ஆயரின் ஆளுகைக்குள் இருந்த பாதை.

அவருடைய எண்ணமெல்லாம் ஒன்றில் குவிந்திருந்தது. இந்த மண்ணில் பிறந்தவர்கள் குருக்களாக வேண்டும், அவர்களிலிருந்து ஆயர்களும் வர வேண்டும், ஐரோப்பியர் அதன்பின் விலகிக்கொள்ள வேண்டும். கருமத்தம்பட்டியில் குருமடம் நடத்தியது இதற்காகவே. ரோமின் மறைபரப்புப் பேராயம் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்த கொள்கையும் இதுதான் என்பதால், இதில் அவர் கீழ்ப்படிதலுக்குக் குறை சொல்ல முடியாது. குறை சொன்னவர்கள் உடன் பணிசெய்த ஐரோப்பியர் சிலர். இந்தியர்களை அந்த அளவுக்கு நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

இடறல் வந்தது ‘மலபார் சடங்குகள்’ விவகாரத்தில். பெயரில் மலபார் இருந்தாலும் பேச்சு தமிழரைப் பற்றியது. அன்றைய ஐரோப்பியர் தமிழரை அப்படி அழைத்தார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி, பூணூல், குடுமி, சந்தனம் போன்றவற்றைச் சமூக வழக்கங்களாகக் கருதி அனுமதித்தார். திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623இல் அதற்கு இசைவு தந்தார். திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன், நோயில் படுத்துப் புதுச்சேரியை விட்டு உள்நாட்டுக்குள் போகாமலே, 1704இல் பதினாறு தடைகளை விதித்தார். 1744இல் 14ஆம் பெனடிக்ட் அவற்றின் பெரும்பகுதியை உறுதிசெய்து, இங்கே வரும் ஒவ்வொரு மறைப்பணியாளரும் அவற்றைக் கடைப்பிடிப்பதாக ஆணையிட வேண்டும் என்றார்.

தடைகளின் பட்டியலைப் பார்த்தால் கீழ்ப்படிவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். திருமுழுக்கில் குரு உமிழ்நீர் தொட்டு வைக்கும் ஐரோப்பியச் சடங்கைத் தமிழர் அருவருப்பாகக் கருதியதால் இயேசு சபையார் விட்டிருந்தார்கள், அதை விடக்கூடாது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. தாலி கோக்கும் சரடு 108 இழை கொண்டதாகவும் மஞ்சள் நனைத்ததாகவும் இருக்கக் கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்து நிமித்தம் பார்க்கக் கூடாது. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வராமல் தடுக்கக் கூடாது. நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள் போகக் குரு மறுக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்ததுதான் பெரிய பிழை. சரட்டில் எத்தனை இழை என்பதும், சாகக் கிடப்பவரின் குடிசைக்குள் குரு காலெடுத்து வைப்பாரா என்பதும் ஒரே எடையுள்ள கேள்விகள் அல்ல. முதலாவதில் ரோம் தலையிடாமல் இருந்திருக்கலாம். இரண்டாவதில் ரோம் சொன்னது சரி. இங்கிருந்த குருக்களில் பலர், மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் போய்விடுவார்கள் என்ற பயத்தில், நூற்றாண்டுக்கும் மேலாக அதற்கு வழிதேடி ஒதுங்கினார்கள். பண்பாட்டை மதித்தல் என்ற பெயரில் சாதியும் உள்ளே வந்தது என்பதைத் தமிழகத் திருச்சபையின் பிரிக்கப்பட்ட கல்லறைகளும் தனித்தனி வரிசைகளும் பின்னாளில் போதுமான அளவு காட்டிவிட்டன. பிரெசிலாக் இந்திய வழக்கங்களின்பால் பரிவுள்ளவர். அந்தப் பரிவை இன்றைய வாசகர் முழுதும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அவர் மாட்டிக்கொண்ட இடம் வேறு. ஆணையிட்டாகிவிட்டது, ஆனால் நடைமுறையில் வட்டத்துக்கு வட்டம், ஏன், பங்குக்குப் பங்கு, குருக்கள் தடைகளை வெவ்வேறு விதமாக விளக்கிக்கொண்டார்கள். ஒருவர் அனுமதித்ததை அடுத்தவர் பாவம் என்றார். ஆயர் என்ற முறையில் எதை அனுமதித்தாலும் ஆணையை மீறுகிறோமோ என்ற உறுத்தல். எதைத் தடுத்தாலும் காரணமின்றி மக்களை விரட்டுகிறோமோ என்ற உறுத்தல். ரோமுக்கு எழுதினார். திட்டவட்டமான தீர்ப்பு வரவில்லை. கண்டும் காணாமல் போவதே அன்று பெரும்பாலோர் கைக்கொண்ட வழி. அதில் எவருக்கும் பதவி போகவில்லை. பிரெசிலாக்குக்கு அது முடியவில்லை. 1854இல் கோவையை விட்டுப் புறப்பட்டு ரோமுக்குப் போய்ப் பதவி விலகலைக் கொடுத்தார். 1855இல் அது ஏற்கப்பட்டது.

இதைக் கீழ்ப்படியாமை என்று சொல்லத் தோன்றும். ஒப்படைத்த மந்தையை விட்டுப் போவது எப்படிக் கீழ்ப்படிதலாகும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கட்டளையை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. உதட்டளவில் ஆணையிட்டுக் கையளவில் மீறவும் இல்லை. மேலிடத்தின் வாயிலிருந்து தெளிவான சொல்லைக் கேட்டார். அது வராதபோது, தான் மனமார நிறைவேற்ற முடியாத பொறுப்பில் உட்கார்ந்திருக்க மறுத்தார். கீழ்ப்படிதலைச் சாமர்த்தியமாக நடித்திருந்தால் அவர் கோவை ஆயராகவே இறந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது ஆசீர்வதிக்கப்பட்ட வாழ்வாகவும் தெரிந்திருக்கும்.

அதன்பின் நடந்தது எந்த அட்டையிலும் அச்சாகாது. ஆப்பிரிக்காவின் தகோமே நாட்டுக்கு அனுப்பும்படி கேட்டார். தனியாளாகப் போகக் கூடாது, ஒரு சபையை உண்டாக்கிக்கொண்டு போ என்றது ரோம். 1856 டிசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரின் ஃபூர்வியேர் குன்றில், மாதா கோயிலில், ஒரு சிறு குழுவோடு ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். அப்போதும் தகோமே கிடைக்கவில்லை. சியரா லியோன் கிடைத்தது. சொன்ன இடத்துக்குப் போனார். 1859 மே 14ஆம் நாள் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் இறங்கியபோது ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. உடனிருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செத்தார்கள். ஜூன் 25ஆம் நாள், இறங்கிய 42ஆம் நாளில், அவரும் இறந்தார். வயது 45. கோவையில் நினைத்தது முடியவில்லை, கேட்ட தகோமேயைக் கண்ணால் பார்க்கவில்லை, தொடங்கிய சபையின் முதல் பணித்தளம் ஒன்றரை மாதத்தில் கல்லறையாகிவிட்டது. சூத்திரத்தின்படி பார்த்தால் யோபுவின் நண்பர்களுக்கு இவரிடம் கேட்க நிறையக் கேள்விகள் இருந்திருக்கும்.

ஃப்ரீடவுன் செய்தி லியோனுக்குப் போனபோது அங்கே பொறுப்பிலிருந்தவர் ஒகுஸ்தேன் பிளாங்க். சபையைக் கலைத்துவிடலாம் என்று எவரும் சொல்லியிருப்பார்கள், அவர் கலைக்கவில்லை. 1861இல் அச்சபையினர் தகோமேயின் உய்தா நகரில் போய் இறங்கினார்கள். 1907இல் இறக்கும்வரை பிளாங்க் அதை நடத்தினார். இன்றைய பெனின், நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் நாடுகளின் கத்தோலிக்கத் திருச்சபைகள் பலவற்றின் தொடக்க வரலாறு இச்சபையோடு சேர்ந்தது. இந்தியாவிலிருந்தும் இளைஞர்கள் அதில் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள். கோவை 1886இல் மறைமாவட்டமானது. 1940இல் அதற்கு முதல் இந்திய ஆயராக உபகாரசாமி பெர்னதோத் வந்தார். அதே 1940இல், மலபார் சடங்குகள் குறித்த ஆணை இனித் தேவையில்லை என்று ரோம் அறிவித்தது. பிரெசிலாக் கோவையை விட்டுப் போய் அப்போது 86 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆசீர்வாதம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது, கேட்டவர் பெயருக்கு வரவில்லை. வேதத்தில் இது விதிவிலக்கும் அல்ல. ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட முதல் வாக்குறுதியே, அவன் வழியாகப் பூமியின் வம்சங்கள் எல்லாம் ஆசி பெறும் என்பதுதான். நாட்டைத் தருவேன் என்ற வாக்கைக் கேட்ட அவன் கடைசியில் சொந்தமாக்கிக்கொண்ட நிலம், சாராளை அடக்கம் செய்ய நானூறு சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்கிய கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், அவர்கள் வாக்குத்தத்தம் நிறைவேறக் காணாமலே இறந்தார்கள் என்று முடிக்கிறது. நேரக் குறைவாலோ என்னவோ, பிரசங்கங்கள் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களோடு நின்றுகொள்கின்றன. அதே அதிகாரத்தில் வாளால் அறுப்புண்டவர்கள் சற்றுக் கீழே இருக்கிறார்கள். கிறிஸ்துவின் கீழ்ப்படிதல் சிலுவைச் சாவுவரை போனது என்று பவுல் எழுதுவதும் இந்த வரிசையில்தான் வரும்.

இப்படிச் சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பலன் உனக்கில்லை, உனக்குப் பின் வருபவர்களுக்கு, பேசாமல் கீழ்ப்படி என்று எளியவர்களிடம் சொல்லி அடக்கிவைக்க இது வசதியான போதனை. பண்ணையத்திலும், ஆலையிலும், கோயிலின் பின்வரிசையிலும் கீழ்ப்படிதல் என்ற பெயரில் கேட்கப்பட்டது பெரும்பாலும் கடவுளுக்கான கீழ்ப்படிதலாக இருந்ததில்லை. மேய்ப்பருக்குக் கீழ்ப்படிவதே கர்த்தருக்குக் கீழ்ப்படிவது என்று சொல்லும் சபைகள் இன்றும் உண்டு. பிரெசிலாக் தன்னிடம் கேட்கப்பட்டதை இழந்தார். பிறரிடம் இழக்கச் சொல்லவில்லை. பலன் பிறருக்குப் போகட்டும் என்று கொடுப்பவர் தன்னைப் பற்றிச் சொல்லலாம். அதை அடுத்தவரிடம் கட்டளையாகச் சொல்லும்போது அது சுரண்டல்.

அதனால் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர் வாக்குத்தத்த அட்டையைப் பீரோவில் செருகுவதைக் கேலி செய்யவும் இடமில்லை. உபாகமம் சொல்லும் நன்மைகள் மிக எளியவை: மாவு பிசைகிற தொட்டி, கன்று ஈனும் மாடு, பருவத்து மழை. தவணை கட்டி முடிய வேண்டும், பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும், காளவாய்ச் சூட்டில் நிற்பவருக்கு மூச்சிரைப்பு குறைய வேண்டும் என்று கேட்பது அந்த அதிகாரத்தின் மொழியிலேயே கேட்பதுதான். அன்றாட அப்பத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் இயேசு. அங்கேயும் ஜெபம் ‘எங்களுக்கு’ என்றே கேட்கிறது. கேட்பதில் தவறு வருவதில்லை. கிடைத்தவர் அதைத் தன் கீழ்ப்படிதலுக்கான சான்றிதழாகக் காட்டும்போதும், கிடைக்காதவரின் வீட்டில் பாவம் தேடும்போதும்தான் வருகிறது. சாட்சி சொல்லும் நேரத்தில் வேலை கிடைத்தவர்தான் எழுந்து நிற்கிறார். கிடைக்காதவரையும் ஒருநாள் எழுப்பி, அவர் எப்படிக் கீழ்ப்படிந்து இருக்கிறார் என்று கேட்கும் சபை இருந்தால் அது யோபுவின் புத்தகத்தைக் கடைசிவரை படித்த சபையாக இருக்கும்.

2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், பிரெசிலாக்கின் புண்ணிய வாழ்வை உறுதிசெய்யும் ஆணைக்கு ஒப்புதல் அளித்தார். கத்தோலிக்க வழக்கில் அவர் இப்போது வணக்கத்துக்குரியவர். அடுத்த படியான அருளாளர் நிலைக்கு ஒரு புதுமை மெய்ப்பிக்கப்பட வேண்டும். வழக்கமாக அது, அவர் பரிந்துரையை நாடி வேண்டிக்கொண்ட ஒருவருக்கு, மருத்துவத்தால் விளக்க முடியாதபடி கிடைத்த உடல்நலமாக இருக்கும்.